நூற்றொன்றிலிருந்து

பெங்களூர்க்காரர் அந்தத் தகட்டைக்
கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்திருந்தார்.
பித்தளை. விரல் நீளம்.
போஜன் அண்ட் டிக்ரூஸ், குன்னூர். எண் 112.
மிச்சமெல்லாம் எங்கே என்றார்.

எங்கே தொடங்க.
பெட்ஃபோர்டுக்குக் கீழே
தேயிலைப் பெட்டி அடுக்கிய கோடவுன்.
போஜனுக்கு உருளைக்கிழங்கில் வந்த பணம்.
டிக்ரூசுக்குக் கப்பல் வேலைக் காலத்தில்
ஏதோ ஒரு துறைமுகத்தில் விடிய விடியத் தோற்ற ஆட்டம்.
இரண்டும் சேர்ந்து கம்பெனி.

நான் சோதனைப் பிரிவு.
பிரிவு என்றால் நான் ஒருத்திதான்.
மிஷினுக்கு ஐந்நூறு பந்து:
இழுத்து விட்டு, தட்டி, தவறவிட்டு,
எந்த பம்பர் செத்தது, எந்த மணி தாமதம்
என்று நோட்டில் எழுத வேண்டும்.
மாதம் தொண்ணூறு ரூபாய்.
வீட்டில் கேட்டால்
மிஷின் ஓட்டுகிறேன் என்பேன்.
பொய்யில்லை.

காயில் சுற்றுவது பவளம்.
கண்டியிலிருந்து அனுப்பிவைக்கப்பட்ட குடும்பம்.
ஒரு காயிலுக்கு ஆயிரத்து இருநூறு சுற்று;
பேசினால் கணக்குத் தப்பும், பேசமாட்டாள்.
சாப்பிடப் போகும்போது மட்டும்
எண்ணை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.
"எண்ணூத்தி நாப்பது."
அவள் கைகழுவி வரும்வரை
பந்தையும் விடாமல் எண்ணையும் விடாமல் நிற்பேன்.

மேட்டுப்பாளையத்தில் லாரிக்கு எழுதும் காதர் மஸ்தான்
கண்ணாடியின் முதுகில், இடவலம் மாற்றி எழுதினார்:
ஆட்டினால் ஆட்டம் போச்சு.
மிஷினை உலுக்குகிறவனுக்கு
அது சிவப்பாக எரியும்.
முதல் கண்ணாடியில் மாற்ற மறந்துவிட்டார்.
அதையும் விற்றோம்.

கோயம்புத்தூர் லாட்ஜிலிருந்து கடிதம் வந்தது:
பந்து யோசித்து யோசித்து வருகிறது.
டிக்ரூஸ் ரயிலேறிப் போய்ப் பார்த்தார்.
திரும்பி வந்து, யாரிடமும் பேசாமல்,
கோடவுன் தரையில் ஒரு பந்தை வைத்தார்.
அது தானாகவே எழுந்தது போல
ஆற்றுப் பக்கச் சுவருக்கு உருண்டது.
ஆறு மாதமாக
இந்தத் தரையில் நிறுத்தித்தான் கால் அளந்து வெட்டியிருக்கிறோம்.
லாரி கீழே இறங்கியபோது
மலை கூடப் போகவில்லை.

வாங்கியவர்களுக்கெல்லாம்
தலா இரண்டு மரக்கட்டை பார்சலில் அனுப்பினோம்,
பின்கால்களுக்கு முட்டுக்கொடுக்க.
ஈரோட்டில் போலீஸ் அதைத் திறந்து பார்த்து
சூதாட்டத்தில் இது எந்த வகை என்று கேட்டதாம்.

அதையும் தாண்டினோம்.
காசு மாறியதைத்தான் தாண்ட முடியவில்லை.
மஞ்சள் பத்துக்காசு போய் அலுமினியம் வந்தது,
ஊதினால் பறக்கும்.
உள்ளே இருந்த ஸ்விட்ச்
அதைக் காசாகவே மதிக்கவில்லை.
டிக்ரூஸ் ஸ்பிரிங்கை மெலிதாக்கினார்.
அதன்பிறகு தெருவில் பஸ் போனாலே
ஒரு ஆட்டம் இலவசம்.

போஜன் உருளைக்கிழங்குக்கே போனார்.
டிக்ரூஸ் எங்கே போனார் தெரியாது.
கடைசி மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
பவளத்துக்கு இரண்டு உருளை செம்புக் கம்பி,
எனக்குப் பதினாறு பந்து.
கம்பிக்கு விலை இருந்தது.

இப்போது இவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
முதல் நூற்றுப் பதினொன்றைக் கேட்கிறார்.
பாலக்காடு, சேலம், கொச்சிப் பழைய பொருள் கடைகள்,
பதினாறு வருஷமாகத் தேடுகிறாராம்.
நாலுதான் அகப்பட்டன.
எல்லாம் நூற்றுக்கு மேலே.

போஜன் தகடு அடித்ததே நூற்றொன்றிலிருந்து.
ஒன்று என்று போட்டால்
எவன் நம்பி வாங்குவான்?
மொத்தமே முப்பத்தொரு மிஷின்.

சொல்லியிருக்கலாம்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
அவர் முகத்தில் இன்னும் நூறு மிஷின்கள்
விளக்கெரிய நின்றுகொண்டிருந்தன.

வால்பாறைப் பக்கம் பார்த்தீர்களா என்றேன்.
எழுதிக்கொண்டார்.